வசந்தியின் முன்னூறு

பொறாமைப்பட்டு ஆஸ்பத்திரியில் படுத்த ஆளை நான் கேள்விப்பட்டதில்லை. நான் படுத்தேன், பதினொரு நாள். இப்போது தேறிவிட்டேன், வேலைக்கும் போய்வருகிறேன். உடம்பு மெலிய வேண்டும் என்று எங்காவது சேர நினைத்துக்கொண்டிருக்கும் ஒருத்தி இதைப் படிக்கக்கூடும் என்பதற்காக எழுதுகிறேன். வெட்கப்பட வேண்டிய இடங்களையும் விடாமல் எழுதப் போகிறேன். வெட்கத்தில் மறைத்ததால்தான் என் நோய் பாதி முற்றியது.

என் பெயர் கலா. நாற்பத்து மூன்று வயது. இரத்தோட்டைப் பக்கம் ஒரு தபால் கந்தோரில் வேலை. காலையில் முக்காலியில் உட்கார்ந்தால் பின்னேரம்தான் எழுந்திருப்பேன். கணவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். ஒரே மகள் துர்கா, ஏ.எல். பரீட்சைக்குப் படிக்கிறாள். எங்கள் வளவிலேயே இன்னொரு வீட்டில் என் ஓரகத்தி வசந்தி இருக்கிறாள். அவள் புருஷன், அதாவது என் கொழுந்தன், கட்டாரில் வேலை செய்கிறார். வசந்தி பாலர் பாடசாலை ஆசிரியை. என்னைவிட ஆறு வயது இளையவள்.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து வசந்தியும் என்னைப் போலத்தான் இருந்தாள். சொல்லப்போனால் என்னைவிடக் கொஞ்சம் பருமன். இரண்டு பேரும் ஒரே தையல்காரியிடம் ஏறக்குறைய ஒரே அளவில் சட்டை தைக்கக் கொடுப்போம். அதில் எனக்கு எவ்வளவு நிம்மதி இருந்தது என்பது அது போன பிறகுதான் தெரிந்தது.

மாத்தளை டவுனில் உடம்பை மெலியவைக்கும் ஒரு நிலையத்தில் வசந்தி சேர்ந்தாள். மூன்று மாதத்தில் பாதியாகிவிட்டாள். கழுத்தெலும்பு தெரிந்தது. கோயில் மாசித் தேருக்கு நாங்கள் போனபோது எதிர்ப்பட்ட சொந்தக்காரர்கள் எல்லோரும் அவளை நிறுத்தி என்ன செய்தாய், எப்படிச் செய்தாய் என்று விசாரித்தார்கள். என்னிடம் துர்காவின் படிப்பைப் பற்றி விசாரித்தார்கள். திரும்பி வரும்போது என் கணவர் வேனை ஓட்டியபடியே, வசந்திக்கு அந்தப் பச்சைச் சீலை எடுப்பாக இருந்தது என்றார். எதையும் மனதில் வைத்துப் பேசுகிற மனுஷன் இல்லை அவர். ஆனால் அன்றைக்கு நான் கட்டியிருந்ததும் பச்சைதான்.

நீங்களும் வாங்களேன் அக்கா, சனிக்கிழமை சேர்ந்தே போய் வரலாம் என்று வசந்தி பல தடவை கூப்பிட்டிருக்கிறாள். சனிக்கிழமை கந்தோரில் வேலை இருக்கிறது என்றேன். அரை நாள்தான் வேலை. அவள் பக்கத்தில் நின்று குனிந்து நிமிர எனக்கு இஷ்டமில்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் போய்ச் சேர்ந்தேன்.

நிலையம் ஒரு கைத்தொலைபேசிக் கடையின் மேல்மாடியில் இருந்தது. நடத்தியவரை எல்லோரும் கோச் மிஸ் என்று கூப்பிட்டார்கள். முன்பு காப்புறுதி பிடிக்கும் வேலை செய்தவர். கலகலப்பான ஆள், ஒருமுறை பார்த்தால் பெயரை மறக்க மாட்டார். சுவரில் சட்டம் போட்டு ஒரு சான்றிதழ் தொங்கியது. அங்கே எங்களுக்குக் கொடுத்த, பாலில் கலக்கிக் குடிக்கும் மாவை விற்பதற்கான பயிற்சிக்குக் கொழும்பில் கொடுத்த சான்றிதழ் அது என்பதை ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகுதான் வாசித்தேன். உடற்பயிற்சி பற்றி அவர் படித்ததெல்லாம் தன் சொந்த உடம்பை மட்டும்தான். அவர் மெலிந்திருந்தார், அதனால் நாங்கள் நம்பினோம்.

சேரும்போது என் எடையைப் பார்த்தார், இடுப்பை அளந்தார், முன்பக்கமும் பக்கவாட்டிலும் படம் எடுத்தார். என்ன வருத்தம் இருக்கிறது, என்ன மருந்து குடிக்கிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் இரண்டு வருடமாகக் கொலஸ்ட்ரோலுக்கு தினமும் ஒரு குளிசை போட்டு வந்தேன். நானும் சொல்லவில்லை.

சுவரில் ஒரு வெள்ளைப் பலகை இருந்தது. யார் ஒரே நாளில் எத்தனை ஸ்குவாட் போட்டார்கள் என்று அதில் எழுதுவார்கள். கோச் மிஸ்தான் ஸ்குவாட் என்பார், நாங்கள் தோப்புக்கரணம் என்போம். காதைப் பிடிக்காத தோப்புக்கரணம். பலகையில் முதல் பெயர் வசந்தி, எதிரில் முன்னூறு. பக்கத்திலேயே அவளுடைய பழைய படமும் புதிய படமும் ஒட்டியிருந்தது. முதல் இரண்டு ஞாயிறும் அந்தப் பலகையைப் பார்த்துக்கொண்டுதான் நான் குனிந்து எழும்பினேன். ஐம்பதைத் தாண்ட முடியவில்லை.

மூன்றாவது ஞாயிறு போட்டி வைத்தார்கள். வியர்வை கொட்ட வேண்டும் என்று இடுப்பில் ரப்பர் பெல்ட்டைக் கட்டி, நடுவில் தண்ணீர் குடித்தால் வயிறு ஊதும் என்று சொல்லிவிட்டார் கோச் மிஸ். நூற்றைம்பதில் தொடைகள் நடுங்கத் தொடங்கின. இருநூறில் நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். போதும் போல இருக்கிறது என்று சொன்னேன். அவர் என் காதருகே குனிந்து, "வலிக்குதுன்னா கொழுப்பு கரையுதுன்னு அர்த்தம். ஒங்க வசந்தி இந்த எடத்துல நிக்கவே இல்ல" என்றார்.

முன்னூற்றைம்பது போட்டேன்.

எல்லோரும் கைதட்டினார்கள். என் பெயரைச் சிவப்பு எழுத்தில் வசந்தியின் பெயருக்கு மேலே எழுதினார்கள். பலகையைப் படம் பிடித்து வட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டேன். அரை மணித்தியாலத்தில் வசந்தியிடமிருந்து பதில் வந்தது. சூப்பர் அக்கா என்று எழுதி மூன்று இதயம் போட்டிருந்தாள். அவளுக்கு ஒரு பொட்டுப் பொறாமைகூட வரவில்லை என்பதை என்னால் தாங்க முடியவில்லை.

திங்கட்கிழமை கட்டிலிலிருந்து காலைக் கீழே வைக்க முடியாமல் போனது. உடற்பயிற்சி செய்தால் உடம்பு நோகும் என்பது எல்லோருக்கும் தெரியும், அப்படித்தான் நினைத்தேன். கோச் மிஸ்ஸுக்குச் செய்தி அனுப்பினேன். ஒரு வலிக் குளிசை போட்டுவிட்டு இன்னும் நூறு போடுங்கள், கட்டிப்போன தசை இளகிவிடும் என்று குரல்பதிவு அனுப்பினார். மருந்துக் கடையில் குளிசை வாங்கி இரண்டாகப் போட்டேன். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நூறு போட்டேன். அந்த நூறுக்கு யாரும் கைதட்டவில்லை.

செவ்வாய் காலை தொடைகள் இரண்டும் வீங்கி மரக்கட்டை போல இறுகிக் கிடந்தன. சுவரைப் பிடித்து நகர்ந்துதான் கழிப்பறைக்குப் போனேன். சிறுநீர் பால் விடாத பிளேன்டீ நிறத்தில் போனது. மாவோடு கொடுத்த மூலிகைத் தேநீர்தான் காரணம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிறகு எழும்பப் பார்த்தேன், முடியவில்லை. தொடைக்கு எழும்பு என்று உத்தரவு போகிறது, அது கேட்கவில்லை. கணவர் வேனோடு போய்விட்டார், துர்காவும் போய்விட்டாள். பக்கத்து வீட்டில் வசந்தி பாடசாலைக்கு இன்னும் கிளம்பவில்லை, கூப்பிட்டால் கேட்கும். நான் கூப்பிடவில்லை. அவள் கண்ணில் இந்தக் கோலத்தில் படக் கூடாது என்று முக்கால் மணித்தியாலம் அந்தத் தரையில் உட்கார்ந்திருந்தேன்.

தண்ணீர்க் குழாய் திறந்தபடியே ஓடுகிறதே என்று அவளே வந்தாள். கதவைத் தட்டினாள், பதில் இல்லாததால் தோளால் முட்டித் தாழ்ப்பாளைப் பெயர்த்தாள். என் இரண்டு கக்கத்திலும் கை கொடுத்துத் தூக்கினாள். அந்த மெலிந்த உடம்பால் என்னைத் தூக்க முடிந்ததே என்றுதான் அப்போதும் எனக்கு ஓடியது. கழிப்பறைக் குழியை எட்டிப் பார்த்தவள் உடனே வெளியே போய் ஓட்டோ பிடித்து வந்தாள்.

மாத்தளை ஆஸ்பத்திரியில் என்னைச் சக்கர நாற்காலியில் வைத்து உள்ளே கொண்டுபோனார்கள். பார்த்த டொக்டர் இளைஞர், யாழ்ப்பாணத்துப் பக்கத்துப் பையன். தொடையை அமுக்கிப் பார்த்தார். சிறுநீரை ஒரு போத்தலில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். விழுந்தீர்களா, அடிபட்டதா என்று கேட்டார். இல்லை என்றேன். ஏதாவது உடற்பயிற்சி செய்தீர்களா என்றார். கொஞ்சம் என்றேன். எவ்வளவு என்றார். வசந்தி என் பக்கத்தில் என் கைப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். ஐம்பது என்றேன்.

அவர் எழுதுவதை நிறுத்தினார். வசந்தியை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு என் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"அம்மா, ஐம்பதுக்கு இப்பிடி வராது. நீங்கள் சொல்லுற கணக்கை வைச்சுத்தான் நான் மருந்து போடவேணும். எவ்வளவு செய்தனீங்கள்?"

முன்னூற்றைம்பதும் நூறும் என்றேன். கொலஸ்ட்ரோல் குளிசையைச் சொன்னேன், வலிக் குளிசையைச் சொன்னேன். தண்ணீர் குடிக்காததையும் சொன்னேன். யார் செய்யச் சொன்னது என்று கேட்டார். கோச் மிஸ் என்றேன். அவர் என்ன படித்தவர் என்று கேட்டார். அது தெரியாது என்றேன்.

நோயை அவர் விளக்கிய மாதிரியே எழுதுகிறேன். பழக்கமில்லாத உடம்பை அளவுக்கு மீறி வேலை வாங்கினால் தசைநார்கள் உடைந்து போகின்றன. தசைக்குள் இருக்கும் சிவப்புச் சாயம் இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்துக்குப் போகிறது. சிறுநீரகம் வடிகட்டி மாதிரி, அதில் இந்தச் சாயம் போய் அடைக்கிறது. பிளேன்டீ நிறம் அதனால்தான் வருகிறது. சிலருக்குக் கொலஸ்ட்ரோல் குளிசை தசையை ஏற்கெனவே பலவீனமாக்கியிருக்கும். வலிக் குளிசை சிறுநீரகத்தை இன்னும் வாட்டும். தண்ணீர் இல்லாவிட்டால் எல்லாம் சேர்ந்து கட்டிக்கொள்ளும். நான் ஒன்றையும் விட்டுவைக்கவில்லை.

தசை எவ்வளவு உடைந்திருக்கிறது என்று பார்க்க சி.கே. என்று ஒரு இரத்தப் பரிசோதனை செய்தார்கள். சாதாரண ஆளுக்கு நூற்றுக் கணக்கில் இருக்க வேண்டியது எனக்கு அறுபதாயிரத்தைத் தாண்டியிருந்தது. தசை உடையும்போது வெளியேறும் பொட்டாசியம் என்ற உப்பு கூடினால் இதயம் தடுமாறும் என்று ஈ.சி.ஜி.யும் எடுத்தார்கள். இரண்டு கையிலும் சேலைன் ஏற்றினார்கள். சிறுநீர் போகக் குழாய் போட்டு, கட்டிலுக்குக் கீழே பையைக் கட்டி, எவ்வளவு உள்ளே போகிறது எவ்வளவு வெளியே வருகிறது என்று மணிக்கு மணி எழுதினார்கள்.

என் பொறாமை ஆஸ்பத்திரி வாசலில் நின்றுவிடவில்லை. வார்டில் எனக்குப் பொறாமைப்பட நிறைய இருந்தது. செருப்பைச் சரசரவென்று இழுத்துக்கொண்டு தானாகக் கழிப்பறைக்குப் போகிறவர்களைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். பக்கத்துக் கட்டிலில் பல்லேபொலையிலிருந்து வந்த சோமா அக்கா என்ற சிங்கள அம்மா இருந்தார். வீட்டுத் தோட்டத்தில் மிளகுக் கொடிக்கடியில் சருகு கூட்டும்போது பாம்பு கடித்து அவருக்கும் சிறுநீரகம் பாதித்திருந்தது. இரண்டு பேருக்கும் ஒரே மாதிரிப் பை, ஒரே மாதிரிக் கணக்கு. ஆனால் அவரைப் பார்க்க வருகிறவர்கள் பாம்பு எவ்வளவு நீளம், எந்தக் காலில் கடித்தது என்று மரியாதையாக விசாரித்துக் கதை கேட்டார்கள். எனக்கு என்ன வருத்தம் என்று யாராவது கேட்டால் கிட்னியில் பிரச்சினை என்று சொல்லிப் போர்வையை இழுத்துக்கொள்வேன். பாம்பாவது கடித்திருக்கக் கூடாதா என்று இருந்தது. மூன்றாம் நாள் அவருடைய பை கால்வாசி நிறைந்திருந்தது. என்னுடையதில் அடி மட்டும் நனைந்திருந்தது. அதற்கும் பொறாமைப்பட்டேன்.

வீட்டாரைப் பற்றியும் சொல்ல வேண்டும். என் கணவர் காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு அதே வேனில் வந்துவிடுவார். பதினெட்டு வருஷத்தில் என் தலைமுடியைத் தொட்டுப் பின்னியதில்லை. இரண்டாம் நாள் சீப்பை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். மூன்று பிரிவாகப் பிரிக்கத் தெரியாமல் இரண்டாக முறுக்கி ரப்பர் போட்டுவிட்டார். வார்டே சிரித்தது, அவரும் சிரித்தார். துர்கா புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு என் பாதத்தைப் பிடித்தபடி படித்தாள். கால் விரலை அசையுங்கள் அம்மா என்று பக்கம் புரட்டும்போதெல்லாம் சொல்வாள்.

வசந்தி ஒவ்வொரு நாளும் டொக்டர் சொன்னபடி உப்பு இல்லாத கஞ்சி வைத்துக்கொண்டு வந்தாள். பாலர் பாடசாலையில் லீவு சொல்லிவிட்டாள். எனக்கு ஊட்டினாள், துடைத்தாள், சோமா அக்காவுக்கும் ஒரு கோப்பை ஊற்றிக் கொடுத்தாள். உங்களுக்கு இப்படி ஒரு தங்கச்சி கிடைத்தது பெரிய புண்ணியம் என்று நர்ஸ் மிஸ் என்னிடம் சொன்னார். நான் கஞ்சியை விழுங்கிக்கொண்டே, இங்கேயும் இவளுக்குத்தான் பாராட்டா என்று நினைத்தேன். அவள் கையால் சாப்பிட்டுக்கொண்டே அப்படி நினைத்தேன்.

கோச் மிஸ்ஸிடமிருந்து ஒரே ஒரு செய்தி வந்தது. சீக்கிரம் குணமாகுங்கள் என்று எழுதிவிட்டு, மற்றவர்கள் பயந்துவிடுவார்கள், குழுவில் எதுவும் போட வேண்டாம் என்று கேட்டிருந்தார்.

நான்காம் நாள் கிரியாட்டினின் கூடிவிட்டது. இரத்தத்தில் தங்கும் கழிவின் அளவு அது. கூடினால் சிறுநீரகம் வேலை செய்யவில்லை என்று பொருள். நாளைக் காலை இரத்தத்திலும் கூடியிருந்தால் கண்டிக்கு அனுப்பி, இயந்திரத்தில் இரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டிவரும் என்று பெரிய டொக்டர் சொன்னார். என் கணவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். பிறகு வராந்தாவுக்குப் போய் நீண்ட நேரம் வரவில்லை. திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தார்.

அன்று பின்னேரம் பார்வையாளர் நேரத்தில் வசந்தி கஞ்சியை ஊற்றும்போது கோப்பைக்கு வெளியே கொட்டிவிட்டது. அவள் கை நடுங்கியது. எதிர்க் கட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த யாழ்ப்பாணத்து டொக்டர் திரும்பிப் பார்த்தார். அவளைக் கையை நீட்டச் சொன்னார். நீட்டிய விரல்களின் மேல் ஒரு வெறும் தாளை வைத்தார். தாள் காற்றே இல்லாமல் படபடவென்று ஆடியது. நாடி பிடித்தார். கழுத்தைத் தடவிப் பார்த்து விழுங்கச் சொன்னார்.

சாப்பாடு எப்படி என்று கேட்டார். முன்பைவிடக் கூடச் சாப்பிடுகிறேன் என்றாள். புழுக்கமாக இருக்கிறதா என்றார். இரத்தோட்டைக் குளிரில்கூட மின்விசிறி போட்டுத்தான் இருக்கிறேன் என்றாள். எத்தனை மாதமாக மெலிகிறீர்கள் என்றார்.

என் கட்டிலருகே நின்று என் டொக்டர் பத்து நிமிஷம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். நாளைக்கு எனக்குச் சிறுநீரகம் இருக்குமோ இருக்காதோ தெரியாது. அந்த நிலையிலும் இது என்னுடைய கட்டில், என்னுடைய டொக்டர் என்று எனக்கு எரிந்தது.

தைரொயிட் சுரப்பி அளவுக்கு மீறிச் சுரப்பது போல இருக்கிறது, கழுத்தில் இருக்கும் அந்தச் சுரப்பி கூடினால் உடம்பு தன்னையே எரித்து மெலியும், இதயத்தையும் கெடுக்கும், உடனே இரத்தம் பார்க்க வேண்டும் என்று சொல்லிப் பரிசோதனைக்குத் துண்டுச்சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டு அவர் போனார். வசந்தி துண்டை மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டு என் காலடியில் உட்கார்ந்தாள்.

"கலாக்கா, ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். நா அந்த முன்னூறு போட்டதே இல்ல."

நான் அவள் முகத்தையே பார்த்தேன்.

"இருவதுக்கு மேல போட்டா நெஞ்சு அடிச்சிக்கும், ஒக்காந்துருவேன். எட தானா எறங்குச்சி. நா போடலன்னு கோச் மிஸ்ஸுக்குத் தெரியும். மத்தவங்களுக்கு ஒரு உற்சாகமா இருக்கும், சொல்லாதீங்கன்னுட்டு அவங்களே முன்னூறுன்னு பலகையில எழுதினாங்க. எல்லாரும் பாராட்டும்போது எனக்கும் சொல்ல மனசு வரல."

எனக்கு முதலில் கோபம் வந்தது. அவள் அழுதுகொண்டிருந்ததால் கோபப்பட முடியவில்லை. யாருமே போடாத முன்னூறை முந்துவதற்கு நான் முன்னூற்றைம்பது போட்டிருக்கிறேன். மூன்று மாதமாக நான் பார்த்துப் பார்த்து வயிறெரிந்தது ஒரு நோயைப் பார்த்து. அவளுடைய கழுத்தெலும்பு வெளியே வந்தபோது நான் அவள் வீட்டுக் கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அவள் வியர்த்துக்கொண்டிருந்ததைப் பார்க்கவில்லை. ஒரே வளவில் இருந்து ஒரு நாள்கூட உனக்கு உடம்புக்கு என்ன என்று நான் அவளிடம் கேட்டதில்லை. அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டேன். சேலைன் ஏறும் கை என்பதால் விரல் மட்டும்தான் மடங்கியது.

மறுநாள் விடிந்ததும் இரத்தம் எடுத்துக்கொண்டு போனார்கள். முடிவு வர மூன்று மணித்தியாலம். அதற்குள் சோமா அக்காவைக் கண்டிக்குக் கொண்டுபோக அம்புலன்ஸ் வந்தது. அவருடைய பை நிறைந்தாலும் கழிவு இறங்கவில்லையாம். வண்டியில் ஏற்றும்போது அவர் என் பக்கம் திரும்பிச் சிங்களத்தில், பயப்படாதே மகளே என்றார். அவர் படுத்திருந்த கட்டிலில் புதிய விரிப்பைப் போட்டார்கள். அந்தக் காலை நேரம் முழுவதும் எனக்கு யார் மேலும் பொறாமை வரவில்லை. அவர் இரண்டு வாரத்தில் குணமாகி வீடு போய்ச் சேர்ந்ததாகப் பிறகு நர்ஸ் மிஸ் சொன்னார்.

என் கிரியாட்டினின் நேற்று இருந்த இடத்திலேயே நின்றிருந்தது. ஏறவில்லை. இன்னும் ஒரு நாள் பார்ப்போம் என்றார் பெரிய டொக்டர். அன்று மத்தியானம் பை நிறையத் தொடங்கியது. துர்கா குனிந்து குனிந்து பார்த்து அளவு சொன்னாள். பரீட்சை முடிவு வந்த மாதிரி அவள் அப்பாவுக்குத் தொலைபேசியில் சொன்னாள். நிறம் பிளேன்டீயிலிருந்து வெளிறி, ஏழாம் நாள் சாதாரணமானது. பதினோராம் நாள் கைத்தடியோடு வீட்டுக்கு வந்தேன்.

வசந்திக்குத் தைரொயிட்தான் என்று உறுதியானது. குளிசை தொடங்கினார்கள். இரண்டு பேரும் ஒரே நாளில் ஒரே பஸ்ஸில் கிளினிக் போனோம். எனக்கு அங்கே உடற்பயிற்சி சொல்லித்தர ஒரு பிசியோதெரபிஸ்ட் மிஸ் இருந்தார். அரை மணித்தியாலம் கேள்விதான் கேட்டார். எத்தனை பிள்ளை, என்ன மருந்து, மூட்டு நோகிறதா, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா, வீட்டைச் சுற்றி மேடா பள்ளமா. எல்லாம் கேட்டு எழுதிவிட்டு, ஒரு நாளைக்குப் பத்து நிமிஷம் சமதரையில் நடவுங்கள், வலித்தால் நிறுத்துங்கள் என்றார். அவ்வளவுதான். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

வசந்தி குளிசையில் மெல்ல மெல்லப் பழைய உடம்புக்குத் திரும்பினாள். மெலிந்தபோது பிடித்துத் தைத்த சட்டைகளைப் பிரித்துவிட்டாள். அதைப் பார்த்து எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம் வந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். அந்தச் சந்தோஷம் எந்த வகை என்று நான் சோதித்துப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து ஆறு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த நிலையத்துக்குப் போனேன். வசந்தியும் கூட வந்தாள். பதினைந்து பெண்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். நான் வாசலில் நின்றபடியே எனக்கு நடந்ததைச் சொன்னேன். சிறுநீரின் நிறத்தைச் சொன்னேன், பையைச் சொன்னேன். மருந்து குடிப்பவர்கள் டொக்டரிடம் கேட்காமல் இதில் இறங்க வேண்டாம் என்றேன். எங்கோ கோர்வை தவறியது.

கோச் மிஸ் பொறுமையாகக் கேட்டார். எனக்கும்தான் வலித்தது, நான் செத்தா போனேன் என்றார். அதைப் பொய்யாகச் சொல்லவில்லை, அவர் உண்மையில் அப்படித்தான் நம்பினார். பிறகு மற்றவர்கள் பக்கம் திரும்பினார்.

"கலா மிஸ் போட்டிக்குன்னு அளவு மீறிச் செஞ்சாங்க. சில பேருக்கு அடுத்தவங்க மெலிஞ்சா பொறுக்காது. நாம நம்ம வேலயப் பாப்போம்."

முன்வரிசையில் ஒருத்தி சிரித்தாள். அவர் சொன்னதில் பொய் இல்லையே. என் வாழ்நாளில் முதன்முறையாகப் பொறாமை இல்லாமல் ஒரு விஷயத்தைச் சொல்ல வந்திருக்கிறேன், அன்றைக்குத்தான் அந்தப் பட்டம் எனக்குக் கிடைத்தது. சுவரோரம் இருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

வசந்தி என்னைத் தாண்டி நடுவில் போய் நின்றாள். சுவரில் இன்னும் ஒட்டியிருந்த தன் படத்தைக் காட்டினாள்.

"இது நா. நா ஒரு நாளும் முன்னூறு போட்டதில்ல. எனக்குத் தைரொயிட். அதுலதான் மெலிஞ்சேன்."

வரிசை கலைந்தது. இரண்டு மூன்று பேர் அவளைச் சுற்றிக்கொண்டார்கள். கழுத்தில் எங்கே வீக்கம் வரும், கை எப்படி நடுங்கும் என்று கேட்டார்கள். கல்யாணம் நிச்சயமாகியிருந்த எல்கடுவ ஊர்ப் பெண் ஒருத்தி, எனக்கும் கொஞ்ச நாளாகச் சிறுநீர் கடும் நிறத்தில் போகிறது அக்கா என்று மெதுவாகச் சொன்னாள். என்னிடம் இல்லை, வசந்தியிடம்.

பதினொரு நாள் படுத்தவள் நான். குழாய் போட்டுக்கொண்டவள் நான். அதை என்னிடம் சொல்லியிருந்தால் நான் இன்னும் சரியாகப் பதில் சொல்லியிருப்பேன். அந்தப் பழைய எரிச்சல் எழும்பியது, எனக்கு நன்றாகத் தெரிந்த எரிச்சல். எழுந்து போய் நடுவில் புகுந்து பேசத் தோன்றியது. ஆனால் அந்தப் பெண் வசந்தியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே தன் இடுப்பிலிருந்த ரப்பர் பெல்ட்டைக் கழற்றத் தொடங்கியிருந்தாள். நான் நாற்காலியின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அவள் முழுவதும் கழற்றி முடிக்கும்வரை பேசாமல் இருந்தேன்.